கவுண்டிக்குச் சரக்கு விற்ற கதை

நாம் நெல் விற்கிறோம், கடலை விற்கிறோம், சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். வாங்க வருகிற வியாபாரியிடம் விலை பேசுகிறோம். கட்டுப்படியானால் கொடுக்கிறோம், இல்லையென்றால் அடுத்த வியாபாரியைப் பார்க்கிறோம். வியாபாரி தன் சொந்தக் காசைக் கொடுத்து வாங்குகிறார். அதனால் ஒவ்வொரு மூட்டையையும் குத்தூசி போட்டுப் பார்த்து, எடை பார்த்துத்தான் எடுப்பார். ஏமாந்தால் நஷ்டம் அவருக்குத்தானே!

ஆனால் வாங்குகிறது சர்க்காராக இருந்தால் நிலைமை வேறு. ரோட்டுக்குக் கிராவல் வாங்குகிறார்கள், பாலத்துக்குப் பலகை வாங்குகிறார்கள், வண்டிக்கு டீசல் வாங்குகிறார்கள். விலை பேசுகிறவர் ஒருத்தர். பணமோ வரி கட்டின நம்ம எல்லோருடையது. பேசுகிறவர் ஏமாந்தால் அவர் வீட்டு உலை கொதிக்காமல் போகாது. இந்த ஒரு சங்கதியில்தான் எத்தனையோ வில்லங்கம் முளைக்கிறது.

இதைப் பற்றி அமெரிக்க நாட்டுக் கிராமங்களில் நடந்த கதையை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். "அமெரிக்காவுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீங்க. அங்கேயும் சேற்றில் வண்டி இழுத்த விவசாயிகள்தான் இந்தக் கதையில் வருகிறார்கள். அங்கே நடந்ததில் பலது கோர்ட்டு வரைக்கும் போய் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அடுத்த வீட்டுக் கணக்கை நிதானமாகப் பார்த்தால் நம்ம கணக்கும் கொஞ்சம் புரியும்.

கவுண்டி என்றால் என்ன?

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்தையும் கவுண்டி கவுண்டியாகப் பிரித்திருக்கிறார்கள். அயோவா மாநிலத்தில் 99 கவுண்டி, ஒக்லஹோமா மாநிலத்தில் 77 கவுண்டி. அளவில் நம்ம தாலுகா இரண்டு மூன்று சேர்ந்தது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மேலிருந்து ஒரு அதிகாரியை அனுப்பி ஆளுகிற முறை அங்கே இல்லை. ஜனங்களே ஓட்டுப் போட்டுச் சில பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தச் சில பேர் கொண்ட சபைதான் கவுண்டியை நடத்தும். நிலத்துக்கு வரி வசூலிப்பது, பத்திரம் பதிவது, ஜெயில், கிராமத்து ரோடு, பாலம் எல்லாம் அதன் பொறுப்பு.

நடுப்பகுதி மாநிலங்களில் நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்திருக்கிறார்கள். 1785-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒரு மைலுக்கு ஒரு மைல் ஒரு கட்டம். அதில் 640 ஏக்கர். அந்தக் கட்டங்களின் ஓரமாகவே ரோடு போட்டார்கள். அப்படியென்றால் எத்தனை மைல் மண் ரோடு, எத்தனை ஓடை, எத்தனை சின்னப் பாலம் என்று நீங்களே யோசித்துப் பாருங்க. அவ்வளவையும் பராமரிக்க மண்ணும் மரமும் ஆளும் வேண்டும். அதை யாரோ விற்க வேண்டும், கவுண்டி வாங்க வேண்டும்.

பரம்படித்த ரோடு

பழைய நாளில் கவுண்டியும் அதற்குக் கீழே இருந்த டவுன்ஷிப்பும் ரோட்டு வேலையைக் காசு கொடுத்து வாங்கவில்லை. ஒவ்வொரு ஆம்பிளையும் வருஷத்தில் சில நாள் ரோட்டில் வந்து வேலை செய்து வரியைக் கழிக்க வேண்டும். நம்ம ஊரில் ஏரி வாய்க்காலுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் போன மாதிரி. ஆனால் ஏரி வேலையில் இருந்த அக்கறை அங்கே ரோட்டு வேலையில் இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வருவார்கள், நிழலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள், இரண்டு கூடை மண்ணைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த மழைக்கு ரோடு மறுபடியும் சேறு. தானியம் ஏற்றின வண்டி அச்சு வரைக்கும் புதைந்துபோகும். 1896-இல் தபால் இலாகா கிராமத்து வீடுகளுக்கே தபாலைக் கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாட்டை ஆரம்பித்தது. ஆனால் ரோடு மோசமான ஊர்களுக்கு அந்த வசதி கிடையாது என்று சொல்லிவிட்டது. அப்போதுதான் ரோட்டின் அருமை எல்லோருக்கும் உறைத்தது.

அதே 1896-இல் மிசௌரி மாநிலத்தில் மெயிட்லண்ட் என்ற ஊர்ப் பக்கம் டி. வார்டு கிங் என்ற விவசாயி ஒரு காரியம் செய்தார். வீட்டில் கிடந்த பழைய மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, குதிரையைப் பூட்டி, மழை பெய்து ஈரம் இருக்கும்போதே தன் வீட்டு முன்னால் போகிற ரோட்டில் இழுத்தார். சேற்று வயலில் நாம் பரம்படிக்கிறோம் பாருங்க, கிட்டத்தட்ட அதே வேலை! பிறகு அதைச் சீராகச் செய்யும் முறையையும் கண்டுபிடித்தார். ஏழெட்டு அடி நீள மரத்தை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளக்க வேண்டும். இரண்டு பாதியையும் சுமார் 30 அங்குல இடைவெளி விட்டுக் கட்டைகளால் இணைக்க வேண்டும். சங்கிலியைக் கொஞ்சம் சாய்வாகப் பூட்டி இழுத்தால் ஓரத்து மண் நடு ரோட்டுக்கு வரும். நடு மேடாகி, தண்ணீர் இரண்டு பக்கமும் வடிந்துவிடும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இப்படி இழுத்தால் மண் ரோடு காய்ந்து கெட்டிப்படும்.

1908-இல் அமெரிக்க வேளாண்மை இலாகா இதைச் சின்னப் புத்தகமாக அச்சிட்டு விவசாயிகளுக்கு அனுப்பியது. எழுதினவர் அந்த விவசாயியே. அயோவா போன்ற மாநிலங்களில் மைலுக்கு இவ்வளவு கூலி என்று பேசி, ரோட்டோரத்து விவசாயிகளிடமே பரம்படிக்கும் வேலையை ஒப்படைத்தார்கள். குதிரை அவருடையது, பரம்பு அவருடையது, வேலை செய்த மைலுக்குக் காசு.

இங்கே ஒன்றைக் கவனியுங்க. இது ஒரு விவசாயி சர்க்காருக்கு வேலையை விற்ற கதை. இதில் மோசடிக்கு இடம் ரொம்பக் குறைவு. மைல் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். கூலி எவ்வளவு என்பதும் தெரியும். பரம்படித்தாரா இல்லையா என்பது அந்த ரோட்டில் போகிற எவருக்கும் கண்ணால் பார்த்தாலே தெரியும். அளவு, விலை, வேலை மூன்றும் வெட்டவெளிச்சத்தில் இருந்தன.

பாலம் விற்க வந்தவர்கள்

பாலம் விஷயம் அப்படியில்லை. இரும்புப் பாலம் வந்த காலத்தில் கம்பெனி ஏஜெண்டுகள் ரயிலேறிக் கவுண்டித் தலைநகரங்களுக்கு வந்தார்கள். கையில் படம் போட்ட புத்தகம், வாயில் இனிமையான பேச்சு. சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் விவசாயிகளும் கடைக்காரர்களும்தான். இரும்புச் சட்டம் எத்தனை பளு தாங்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்தப் பிளானுக்கு விலை போடும். ஒருத்தர் பாலம் கனமானது, இன்னொருத்தர் பாலம் லேசானது. இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்ன ஒப்பிட முடியும்? ஒருத்தர் எருமையை விலை சொல்கிறார், இன்னொருத்தர் ஆட்டை விலை சொல்கிறார் என்றால் எது மலிவு என்று கேட்பதில் அர்த்தம் உண்டா? இது போதாதென்று பல இடங்களில் கம்பெனிக்காரர்கள் டெண்டருக்கு முன்பே கூடிப் பேசி, இந்தக் கவுண்டி உனக்கு, அந்தக் கவுண்டி எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டார்கள்.

இதற்கு அயோவா ஒரு வழி கண்டது. 1904-இல் அந்த மாநிலத்து விவசாயக் கல்லூரியில் நெடுஞ்சாலைக் கமிஷன் ஒன்றை அமைத்தார்கள். அதே வருஷம் அங்கே படிப்பை முடித்த தாமஸ் மெக்டொனால்டு என்ற இளைஞரை வேலையில் வைத்தார்கள். அவர் தகப்பனார் மான்டெசூமா என்ற சின்ன ஊரில் மரமும் தானியமும் வியாபாரம் செய்தவர். மழைக்காலத்தில் சேற்றைத் தாண்டி விவசாயிகள் கடைக்கு வர முடியாமல் போனதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர்.

கமிஷன் செய்தது பெரிய மந்திர வேலை இல்லை. இத்தனை அடி ஓடைக்கு இப்படிப்பட்ட பாலம், இத்தனை கனம், இன்ன சரக்கு என்று பொதுவான பிளான்களைப் போட்டுக் கவுண்டிகளுக்குக் கொடுத்தது. இப்போது எல்லாக் கம்பெனியும் ஒரே பிளானுக்குத்தான் விலை போட வேண்டும். எருமைக்கும் ஆட்டுக்கும் போட்டி என்ற கதை போய், எருமைக்கு எருமை என்று ஆயிற்று. 1913-இல் புதுச் சட்டம் வந்து கமிஷனுக்கு அதிகாரமும் கிடைத்தது. மெக்டொனால்டு 1919-இல் நாடு முழுவதற்குமான ரோட்டு இலாகாவுக்கே தலைவராகப் போய், 1953 வரைக்கும் அந்தப் பதவியில் இருந்தார்.

வாங்குகிற பொருள் இன்னதுதான் என்று முதலில் காகிதத்தில் எழுத வேண்டும். பிறகுதான் விலை கேட்க வேண்டும். அயோவா நமக்குச் சொல்லும் சேதி இதுதான்.

ஆறு கம்பெனிகளின் ஏலச்சீட்டு

விற்கிறவர்கள் எப்படிக் கூட்டுச் சேருவார்கள் என்று தெரிந்துகொள்ள இன்னொரு வழக்கைப் பார்ப்போம். இது கவுண்டி சம்பந்தப்பட்டது இல்லை, நகரசபைகள் சம்பந்தப்பட்டது. ஆனால் தந்திரம் ஒன்றுதான்.

1894 கடைசியில் வார்ப்பிரும்புக் குழாய் செய்கிற ஆறு கம்பெனிகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. குடிதண்ணீருக்கும் எரிவாயுவுக்கும் நகரசபைகள் குழாய் வாங்கும். நகரசபை டெண்டர் கேட்டதும், இந்த ஆறு பேரும் தங்களுக்குள் ஓர் ஏலம் நடத்துவார்கள். நம்ம ஊர் ஏலச்சீட்டு மாதிரியே என்று வைத்துக்கொள்ளுங்க. யார் அதிகமாகத் தள்ளிக் கொடுக்கச் சம்மதிக்கிறாரோ அவருக்கு அந்த வேலை. அவர் கொடுக்கிற தொகை மற்றவர்களுக்குப் பங்காகப் போகும். சில நகரங்களை ஏலம் இல்லாமலேயே இன்னாருக்கு என்று ஒதுக்கியும் வைத்திருந்தார்கள். பிறகு மற்ற கம்பெனிகள் சும்மா ஒரு பேச்சுக்கு அதைவிட அதிக விலை எழுதி உறையில் போட்டு அனுப்புவார்கள். நகரசபைக்காரர் உறைகளைப் பிரித்துப் பார்த்து, "அப்பாடா, குறைந்த விலைக்குத்தான் கொடுத்தோம்" என்று சந்தோஷப்படுவார். ஆனால் அந்தக் குறைந்த விலையே கூட்டி வைத்த விலை!

1890-இல் வந்த ஷெர்மன் சட்டத்தின்கீழ் சர்க்கார் வழக்குப் போட்டது. 1898-இல் மேல் கோர்ட்டில் தீர்ப்பு எழுதினவர் வில்லியம் டாஃப்ட். பிற்காலத்தில் நாட்டின் ஜனாதிபதியாகவும் ஆனவர் அவர். இந்தக் கூட்டு செல்லாது என்று அவர் சொன்னார். 1899-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. இதோடு விடவில்லை. குழாய் வாங்கி ஏமாந்த அட்லாண்டா நகரம் தனியாக வழக்குப் போட்டது. அந்தச் சட்டப்படி நஷ்டத்துக்கு மூன்று மடங்கு ஈடு கேட்கலாம். 1906-இல் சுப்ரீம் கோர்ட் நகரத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? உறை மூன்று வந்தது, நாலு வந்தது என்று எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது. அந்த உறைகளை அனுப்பினவர்கள் உண்மையிலேயே போட்டியாளர்கள்தானா என்றும் பார்க்க வேண்டும்.

ஒக்லஹோமாவின் பத்து சதவிகிதம்

இதுவரை சொன்னதில் சபைக்காரர் ஏமாந்தவர். இனிச் சொல்லப்போவதில் அவரே கூட்டாளி. இதுதான் இன்றைய பேச்சின் முக்கியமான பகுதி.

ஒக்லஹோமா 1907-இல் தனி மாநிலமானது. மேற்கே கோதுமை, எங்கும் மாடு, தென்கிழக்கே பைன் மரக்காடு. ஒவ்வொரு கவுண்டிக்கும் மூன்று கமிஷனர்கள். 77 கவுண்டிக்கு மொத்தம் 231 பேர். எல்லோரும் ஓட்டு வாங்கி வந்தவர்கள். கவுண்டியை மூன்று பாகமாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பாகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பாகத்து ரோடு, பாலம், வேலையாட்கள், ரோடு சமன் செய்கிற கிரேடர் எந்திரம், சாமான் வைக்கும் கொட்டகை எல்லாம் அந்த ஒருத்தர் கையில்.

என்ன வாங்க வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர். யாரிடம் வாங்குவது என்று சொன்னவரும் அவர். சரக்கு வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போட்டவரும் அவர். பில்லுக்குப் பணம் கொடுக்கலாம் என்று சபையில் கை தூக்கினவரும் அவர். சபையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்களே என்றால், என் பாகத்தில் நீ தலையிடாதே, உன் பாகத்தில் நான் தலையிடவில்லை என்ற ஏற்பாடுதான் பல இடங்களில் நடந்தது.

வாங்கின சாமான்கள் ரொம்ப சாதாரணமானவை. பாலத்துக்குப் பலகை, கிராவல், கிரேடருக்கு வெட்டுத்தகடு, ரோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் போவதற்கு நெளிவுத் தகரக் குழாய். அந்த ஊர் ஜனங்கள் இந்தக் குழாயைத் தகரக் கொம்பு என்று சொல்வார்கள். இந்தச் சாமான்களை விற்கிற வியாபாரிகள் கவுண்டி கவுண்டியாகச் சுற்றி வருவார்கள். விற்ற தொகையில் பத்து சதவிகிதத்தை ரொக்கமாகக் கமிஷனர் கையில் கொடுப்பது மாமூல். இது ஒரு நாளில் வந்த பழக்கம் இல்லை. பல பத்து வருஷங்களாக, முன்னால் இருந்தவரிடமிருந்து பின்னால் வந்தவருக்குச் சீதனம் மாதிரி கைமாறி வந்த பழக்கம்.

அந்தப் பத்து சதவிகிதத்தை வியாபாரி தன் லாபத்திலிருந்தா கொடுப்பார்? விலையில் ஏற்றித்தான் கொடுப்பார். அப்போது பலகைக்கு அதிகப்படி காசு கொடுத்தது யார்? நிலவரி கட்டினவர், வண்டிக்குப் பெட்ரோல் போட்டவர். இது முதல் ரகம்.

இரண்டாவது ரகம் இதைவிட மோசம். சரக்கே வராது! பில் மட்டும் வரும். உதாரணத்துக்கு, 500 டாலர் பலகைக்குப் பில் எழுதுவார்கள். பலகை ஒன்றுகூட இறங்காது. சரக்கு வந்தது என்று கமிஷனர் கையெழுத்துப் போடுவார், கவுண்டியிலிருந்து பணம் போகும், வியாபாரியும் கமிஷனரும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். வெறும் ஆகாயத்தை விற்கிறார்கள் என்ற அர்த்தத்தில் இதை நீலவானப் பேரம் என்றே அங்கே சொன்னார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, பில்லில் இருந்த பலகை பாலத்துக்கு உதவுமா?

நேர்மையாக விற்க நினைத்த வியாபாரியின் கதியை நினைத்துப் பாருங்க. பத்து சதவிகிதம் கொடுக்க மறுத்தால் ஆர்டர் வராது. கொடுத்தால் குற்றவாளி. மலிவாகவும் நல்லதாகவும் மரம் அறுத்துக் கொடுக்கக்கூடிய சின்ன அறுவை மில்லுக்காரர் வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

ஊர் ஏன் வாயைத் திறக்கவில்லை?

இத்தனை வருஷம் இது நடந்திருக்கிறது. விவசாயிகளுக்குத் தெரியாதா? கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் கமிஷனர் அன்னியர் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர், கோயிலில் அருகே உட்காருகிறவர், கலியாணத்துக்கும் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்கிறவர். மழையில் ஒரு வீட்டு வாசலுக்கு வண்டி போக முடியவில்லை என்று சொன்னால், கவுண்டி லாரியில் ஒரு லோடு கிராவல் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார். பண்ணைக்குள் போகிற பாதையைக் கவுண்டி கிரேடரை விட்டு ஒரு தரம் சமன் செய்து கொடுப்பார். காசு கேட்கமாட்டார். தேர்தல் வரும்போது ஓட்டு மட்டும் கேட்பார்.

நம்ம வாசலில் ஒரு லோடு கிராவல் இறங்கிவிட்டால், மற்ற பத்து லோடு எங்கே போச்சு என்று கேட்க நாக்கு எழும்புமா? இந்தக் கதையிலேயே வேதனையான இடம் இதுதான். திருட்டை மூடி வைத்தது பயம் மட்டும் இல்லை, நன்றியும்தான். வாசலுக்கு இலவசமாக வந்தது என்று நினைத்த கிராவல், ஓடைப் பாலத்தின் பலகையிலிருந்தும் பள்ளிக்கூட பஸ் போகிற ரோட்டிலிருந்தும் கழிந்து வந்த கிராவல்.

கடைசியில் மாட்டியது எப்படி? விற்றவர்களின் வரவு செலவுக் கணக்கு வழியாகத்தான். ரொக்கமாகக் கொடுத்த காசை எந்தக் கணக்கில் எழுத முடியும்? வருமான வரிக்காரர்களும் எஃப்.பி.ஐ. என்ற மத்தியப் போலீசும் நூல் பிடித்துப் போனார்கள். ஒத்துழைக்க முன்வந்த வியாபாரிகளின் உதவியால் பேரப் பேச்சுகளை ரகசியமாகப் பதிவு செய்தார்கள். 1980, 1981 வருஷங்களில் விஷயம் வெடித்தது. பொய் பில்லைத் தபாலில் அனுப்பியதும் ஒரு குற்றமாக வந்து நின்றது. தபாலை மோசடிக்குப் பயன்படுத்தினால் தண்டனை என்று 1872-லேயே அங்கே சட்டம் இருந்தது.

மூன்று நாலு வருஷத்துக்குள் கமிஷனர்களும் வியாபாரிகளுமாக 200 பேருக்கு மேல் தண்டனை பெற்றார்கள். அவர்களில் ரொம்பப் பேர் தாங்களாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். 77 கவுண்டியில் சுமார் 60 கவுண்டி இதில் சிக்கியது. யாரோ இரண்டு கெட்ட மனிதர்கள் செய்த காரியமாக இருந்தால் ஒரு கவுண்டி, இரண்டு கவுண்டியோடு நின்றிருக்கும். 60 கவுண்டி என்றால் கோளாறு ஆளிடம் மட்டும் இல்லை, ஏற்பாட்டிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு கையை நாலு கையாக்கினார்கள்

அந்த மாநிலத்துக்காரர்களுக்கும் இது புரிந்தது. கள்வரைப் பிடித்து ஜெயிலில் போட்டால் போதும், அடுத்து நல்லவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கலாம். அப்படி இருக்காமல், 1980-களின் முதல் பாதியில் கவுண்டிக்குச் சாமான் வாங்கும் முறையையே மாற்றிச் சட்டம் செய்தார்கள்.

புது முறை எப்படி? சாமான் தேவைப்படுகிறவர் ஒரு சீட்டு எழுதிக் கேட்க வேண்டும். வாங்குவதற்கென்று தனியாக உள்ள அலுவலர்தான் விலை கேட்டு ஆர்டர் எழுத வேண்டும். ஆர்டர் எழுதின பிறகுதான் சரக்கு வர வேண்டும். சரக்கு வந்த பிறகு ஆர்டர் தயார் செய்யக்கூடாது. வந்த சரக்கை எண்ணி, அளந்து, கையெழுத்துப் போட வேறொரு ஆள். அப்புறம்தான் பில் சபைக்கு வரும். சபை எல்லோர் முன்னிலையிலும் கூடி, ஆர்டரும் சரக்குச் சீட்டும் பில்லும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பணம் கொடுக்கச் சொல்ல வேண்டும். கிராவல், பலகை, குழாய் மாதிரி அடிக்கடி வாங்குகிற சாமான்களுக்கு முன்கூட்டியே விளம்பரம் செய்து, சீல் வைத்த உறையில் விலை வாங்கி, கூட்டத்தில் பிரித்துப் படிக்க வேண்டும்.

கேட்கிற கை ஒன்று, வாங்குகிற கை ஒன்று, எண்ணுகிற கை ஒன்று, பணம் கொடுக்கச் சொல்கிற கை ஒன்று. இப்போது நீலவானத்தை விற்க வேண்டுமென்றால் நாலு பேரையும் சரிக்கட்ட வேண்டும். ஒருத்தரைச் சரிக்கட்டுவது சுலபம். நாலு பேரைச் சரிக்கட்டி, நாலு பேரும் வாயைத் திறக்காமல் இருப்பது லேசில் நடக்காது.

நம்ம வீட்டிலேயே பாருங்க. களத்தில் நெல்லை அளக்கிறவர் ஒருத்தர், கணக்குச் சொல்லிக் கோடு போடுகிறவர் இன்னொருத்தர், மூட்டை தைக்கிறவர் வேறொருத்தர். யார் மேலும் சந்தேகம் வந்து அப்படிச் செய்யவில்லை. சந்தேகமே வரக்கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறோம். நேர்மையான ஆளுக்கும் அதுதான் பாதுகாப்பு.

இதற்கும் ஒரு விலை உண்டு

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனால் அது முழுக்கதை ஆகாது. இந்த நாலு கை முறையிலும் சங்கடம் உண்டு.

சின்ன விற்பனையாளருக்குக் காகித வேலை கூடிப்போகிறது. ஒரு லாரி வைத்துக் கிராவல் ஓட்டுகிறவர் விளம்பரத்தைப் பார்க்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், சரக்கு கொடுத்த பிறகும் கூட்டம் கூடுகிற வரை பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். பெரிய கம்பெனி இதற்கென்று ஒரு குமாஸ்தாவை வைத்துக்கொள்ளும். இவர் எங்கே போவார்? நேர்மைக்காகப் போட்ட வேலியே சின்னவரை வெளியே நிறுத்திவிடக்கூடாது. விளம்பரம் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்க வேண்டும், படிவம் படித்தால் புரிகிற மாதிரி இருக்க வேண்டும், சரக்கு சரியாக இருந்தால் பணம் காலாகாலத்தில் கைக்கு வர வேண்டும். பணம் இழுத்தடிக்கிற இடத்தில்தான், "கொஞ்சம் கவனித்துக்கொண்டால் பில் சீக்கிரம் நகரும்" என்ற பேச்சு மறுபடியும் தலைகாட்டும்.

அதே மாதிரி, குறைந்த விலை ஒன்றையே பார்த்தால் ஊழல் குறையலாம். ஆனால் மட்டமான சரக்கு வந்து இறங்கலாம். அதனால்தான் அயோவாவின் பாடமும் ஒக்லஹோமாவின் பாடமும் சேர்ந்து வேண்டும். சரக்கு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைக்கவும் வேண்டும், வந்த சரக்கு அப்படித்தான் இருக்கிறதா என்று வேறொருத்தர் பார்க்கவும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. சட்டப் புத்தகம் பேசாது. படித்துக் கேள்வி கேட்கிற ஜனங்கள் இருந்தால்தான் அது பேசும். வார்டு கிங் பரம்படித்த ரோட்டில் மோசடிக்கு இடம் குறைவாக இருந்ததற்குக் காரணம், அந்த வழியாகப் போன ஒவ்வொருத்தரும் வேலையைப் பார்த்தார்கள் என்பதுதான். பாலம் பெரிசானதும், பில் நீளமானதும், ஜனங்கள் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அங்கேதான் பத்து சதவிகிதம் நுழைந்தது.

ஆகவே பெருமக்களே, பொதுப் பணத்தில் வேலை நடக்கிற இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் நாலுதான். என்ன வாங்கச் சொல்லி எழுதியிருக்கிறது? யார் யார் விலை போட்டார்கள்? வந்த சரக்கை எண்ணினது யார்? பணம் கொடுக்கச் சொன்னது யார்? முதல் இரண்டு கேள்விக்கும் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும். கடைசி இரண்டு கேள்விக்கும் பதிலாக ஒரே பெயர் வந்தால், கொஞ்சம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். கேட்பதில் சண்டையும் இல்லை, பகையும் இல்லை. நம்ம வாசலுக்கு வந்த ஒரு லோடு கிராவலுக்கும் சேர்த்துக் கேட்கிற தைரியம் மட்டும் வேண்டும்.